பல் துலக்கக் கற்றுத்தரும் செயலிகள்: எதுவரை உதவும், எங்கே நின்றுவிடும்

குழந்தைகளைப் பல் துலக்க வைப்பதற்கென்றே செல்பேசிச் செயலிகளும், கேமராவை வைத்து ஆடும் விளையாட்டுகளும், புளூடூத் மூலம் திரையோடு இணையும் பிரஷ்களும் கடந்த பத்தாண்டுகளுக்கு மேலாக வந்துகொண்டிருக்கின்றன. பிள்ளை அடம்பிடிக்காமல் தானே பல் துலக்கிவிடும் என்று அவற்றின் விளம்பரங்கள் சொல்கின்றன. குழந்தை நல மருத்துவர்களோ, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் கையில் செல்பேசி கொடுப்பதைக் கூடியவரை குறையுங்கள் என்கிறார்கள். இரண்டையும் ஒருசேரக் கேட்கும் பெற்றோர் குழம்புவதில் வியப்பில்லை.

இக்குழப்பம் தீர வேண்டுமானால் ஒரு கேள்வியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிள்ளையைப் பிரஷ்ஷுடன் இரண்டு நிமிடம் நிற்க வைப்பது ஒரு வேலை. பல்லைச் சொத்தையிலிருந்து காப்பது வேறொரு வேலை. முதல் வேலையைச் செயலிகள் நன்றாகவே செய்கின்றன. இரண்டாவது வேலை இன்னும் பெரியவர்களின் கையில்தான் இருக்கிறது. இதற்கான காரணம் பல்லின் அமைப்பிலும், குழந்தையின் கை வளர்ச்சியிலும், கேமரா இயங்கும் விதத்திலும் இருக்கிறது.

பால் பல்லில் சொத்தை எப்படி விழுகிறது

குழந்தைக்கு ஏறக்குறைய 6 மாதத்தில் முதல் பால் பல் முளைக்கத் தொடங்கி, இரண்டரை முதல் 3 வயதுக்குள் 20 பற்களும் வந்துவிடுகின்றன. பல்லின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய, வழவழப்பான படலம் படிந்துகொண்டே இருக்கும். உமிழ்நீரிலுள்ள புரதங்களும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களும் சேர்ந்த இதைப் பற்படலம் என்கிறோம். இதில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் நாம் உண்ணும் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. இனிப்பு வாய்க்குள் போன சில நிமிடங்களிலேயே பல்லின் மேற்பரப்பில் பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடுகிறது என்று பொருள்) 5.5-க்குக் கீழே இறங்கிவிடக்கூடும். அந்த அளவில், பல்லின் கடினமான மேலடுக்காகிய எனாமலிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்குகின்றன. உமிழ்நீர் அமிலத்தை முறியடித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும்.

ஆகவே எவ்வளவு இனிப்புத் தின்றது என்பதை விட எத்தனை முறை தின்றது என்பதே முக்கியம். காலையில் பிஸ்கட், பத்து மணிக்குச் சாக்லேட், மாலையில் டப்பா ஜூஸ், இரவில் சர்க்கரை போட்ட பாலைப் பாட்டிலில் உறிஞ்சியபடியே தூக்கம் என்று நாள் கழிந்தால், பல் தேறிக்கொள்ள இடைவெளியே கிடைப்பதில்லை. தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பு வெகுவாகக் குறைந்துவிடுவதால் இரவுப் பால் எல்லாவற்றிலும் மோசம். பால் பற்களின் எனாமல் நிலைப் பற்களுடையதைவிட மெல்லியது என்பதால் அதில் விழும் சொத்தை விரைவில் உள்ளே இறங்கிவிடுகிறது.

விழப்போகிற பல்தானே என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் பலமாக இருக்கிறது. முன்பற்கள் 6, 7 வயதில் விழத் தொடங்குவது உண்மை. ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை வாயில் இருந்தாக வேண்டியவை. மெல்லுவதற்கும், கீழே வளரும் நிலைப் பல்லுக்கு இடத்தைப் பிடித்துவைப்பதற்கும் அவைதான் துணை. உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வாய்நல நிலை அறிக்கை, பால் பல் சொத்தையால் பாதிக்கப்பட்ட குழந்தைகள் உலகெங்கும் ஏறத்தாழ 51 கோடிப் பேர் என்று மதிப்பிடுகிறது.

சொத்தையைத் தடுப்பவை மூன்று: இனிப்பு உண்ணும் தடவைகளைக் குறைத்தல், எனாமலை உறுதிப்படுத்தும் தாதுப்பொருளான ஃப்ளோரைடு உள்ள பற்பசை, ஒரு பக்கமும் விடுபடாமல் நாளுக்கு இரு முறை துலக்குதல். இந்த மூன்றில் எதை ஒரு செயலி தொடுகிறது என்று கேட்டுக்கொண்டே மேலே படிப்பது பயன் தரும்.

குழந்தையின் கையால் எவ்வளவு முடியும்

3 வயதுக் குழந்தை பிரஷ்ஷைக் கைமுட்டிக்குள் இறுக்கிப் பிடிக்கும். மணிக்கட்டைச் சுழற்றாமல் முழங்கையோடு சேர்த்து இழுக்கும். அதனால் பிரஷ் முன்பற்களின் வெளிப்புறத்திலேயே போய்வந்துகொண்டிருக்கும். கடைவாய்ப் பற்களின் உட்புறம், நாக்கை ஒட்டிய பக்கம், ஈறும் பல்லும் சேரும் விளிம்பு ஆகிய மூன்று இடங்களும் பெரும்பாலும் விடுபட்டுப் போகும். சொத்தை அதிகம் விழுவது கடைவாய்ப் பற்களின் குழிகளிலும், இரு கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடும் பக்கங்களிலும் என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிரஷ்ஷைச் சிறு வட்டங்களாகச் சுழற்றும் முறையே சிறுவர்களுக்கு எளிது. அமெரிக்கப் பல் மருத்துவர் ஆல்பிரட் ஃபோன்ஸின் பெயரால் இது அறியப்படுகிறது. இம்முறையிலும்கூட வாய் முழுவதையும் ஒழுங்காகத் துலக்கும் கைத்திறன் 7, 8 வயதில்தான் கைகூடுகிறது. அதுவரை பெரியவர் ஒருவர் துலக்கிவிட வேண்டும், அல்லது பிள்ளை துலக்கிய பின் மறுமுறை துலக்க வேண்டும் என்று பல் மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான். பிள்ளை தானே துலக்கிக்கொள்ளும் என்று நம்ப வைக்கும் எந்தக் கருவியும் இந்த இடத்தில் பெற்றோரைத் தவறான திசையில் தள்ளுகிறது.

ஊடாடும் ஊடகம் என்றால் எது

பல் துலக்கும் பாட்டை யூடியூபில் ஓடவிடுவது பார்க்கும் ஊடகம். குழந்தை என்ன செய்தாலும், செய்யாவிட்டாலும் பாட்டு ஓடும். குழந்தையின் செயலுக்கு ஏற்ப மறுமொழி தருவதே ஊடாடும் ஊடகம். சந்தையில் உள்ளவற்றை அடியிலிருக்கும் நுட்பத்தை வைத்து நான்காகப் பிரிக்கலாம்.

1. நேரம் காட்டும் செயலிகள். இரண்டு நிமிடத்துக்கு இசையை ஒலிக்கும், அல்லது ஒரு படத்தைச் சிறிது சிறிதாகத் திறந்து காட்டும். இங்கிலாந்துப் பல் மருத்துவர் ஒருவர் உருவாக்கிய பிரஷ் டிஜே இவ்வகையில் பலரும் அறிந்தது. செல்பேசியில் ஏற்கெனவே இருக்கும் பாட்டையே இரண்டு நிமிடம் ஒலிக்கச் செய்யும். பிள்ளை உண்மையில் துலக்குகிறதா என்பது இத்தகைய செயலிகளுக்குத் தெரியாது.

2. கேமரா விளையாட்டுகள். முன்பக்கக் கேமரா காட்டும் முகத்தின் மேல் கணினிப் படங்களை ஏற்றிக் காட்டும். 2020 ஜூனில் வெளிவந்த போக்கிமான் ஸ்மைல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பல் துலக்கத் துலக்கத் திரையில் கிருமிகள் விலகி, அவற்றிடம் சிக்கிய போக்கிமான் என்னும் கற்பனை உயிரினம் மீட்கப்படும்.

3. உணரி பொருத்திய பிரஷ்கள். பிரஷ்ஷின் கைப்பிடிக்குள் அசைவையும் சாய்வையும் அளக்கும் உணரிகள் இருக்கும். அவற்றின் தரவை வைத்து, பிரஷ் வாயின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதைச் செயலி ஊகிக்கும். பிரான்சின் கோலிப்ரீ நிறுவனம் 2014 ஜனவரியில் லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சியில் காட்டிய பிரஷ் இவ்வகையின் முன்னோடிகளில் ஒன்று.

4. கதை, புதிர் விளையாட்டுகள். பிரஷ்ஷே இல்லாமல் திரையில் விரலை வைத்து ஒரு முதலையின் பல்லைத் தேய்ப்பது, எது பல்லுக்கு நல்ல உணவு என்று பிரிப்பது போன்றவை. இவை அறிவைத் தரும். கைப்பழக்கத்தைத் தருவது அரிது. திரையில் விரலைத் தேய்க்கும் அசைவுக்கும், கன்னத்தை விலக்கிக் கடைவாய்ப் பல்லின் உட்புறத்துக்குப் பிரஷ்ஷைக் கொண்டுபோகும் அசைவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

கேமராவுக்குத் தெரியாத பற்கள்

கேமரா விளையாட்டுகள்தாம் குழந்தைகளை மிகவும் ஈர்ப்பவை. ஆகவே அவை என்ன பார்க்கின்றன என்பதைச் சற்று நின்று ஆராய வேண்டும். மென்பொருள் முதலில் முகத்தின் எல்லைகளையும் வாய் இருக்கும் இடத்தையும் கண்டுபிடிக்கிறது. பிறகு கையும் பிரஷ்ஷும் அசைவதைப் பின்தொடர்கிறது. பிரஷ்ஷின் தலைப்பகுதி கன்னத்துக்குப் பின்னால் போன உடனே கேமராவின் பார்வை அற்றுவிடுகிறது. அதற்குப் பின் அது கணக்கிடுவது ஊகம்தான். பற்படலம் அகன்றதா என்பதை எந்தச் செல்பேசிக் கேமராவும் இந்த விளையாட்டில் பார்ப்பதில்லை. திரையில் கிருமி மறைவதும் வாயில் படலம் மறைவதும் ஒன்றல்ல. 4 வயதுப் பிள்ளைக்கு இந்த வேறுபாடு புரியாது, அவசரத்தில் இருக்கும் பெற்றோருக்கும் மறந்துபோகும்.

வாஷ்பேசின் மேலுள்ள தட்டில் செல்பேசியைச் சாய்த்து வைத்துவிட்டு, திரையைப் பார்க்காமல் பிள்ளையின் வாயைப் பார்த்தால் நடப்பது விளங்கும். விளையாட்டு சூடுபிடிக்கும்போது கழுத்து முன்னே நீளும், வாய் பாதி மூடும், பிரஷ் ஒரே கடைவாய்ப் பக்கத்தில் அசையாமல் நிற்கும் அல்லது மென்று தின்னப்படும். நுரை மோவாயில் வழிந்து சட்டைக்கு இறங்கும். திரையில் மட்டும் மதிப்பெண் ஏறிக்கொண்டிருக்கும். விளையாட்டு பிள்ளையின் கவனத்தைப் பிடித்துவிட்டது. பல் அந்தக் கவனத்துக்கு வெளியே போய்விட்டது.

படலத்தை உண்மையாகவே காட்டும் எளிய பொருள் ஒன்று நெடுங்காலமாக இருக்கிறது. பல் மருத்துவர்கள் தரும் சாய மாத்திரையை மென்று துப்பினால், படலம் உள்ள இடமெல்லாம் சிவப்பாகவோ ஊதாவாகவோ நிறம் ஏறித் தெரியும். துலக்கிய பின் அதை மென்று, செல்பேசியில் ஒரு படம் எடுத்து, பிள்ளையோடு சேர்ந்து எங்கே நிறம் மிஞ்சியிருக்கிறது என்று தேடினால், அதுவே சிறந்த ஊடாடும் பாடம். விலையுயர்ந்த பிரஷ்ஷைவிட இதையே பரிந்துரைக்கத் தோன்றுகிறது. மாத்திரையை விழுங்காமல் மென்று துப்பத் தெரிந்த வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு இதைச் செய்ய வேண்டும்.

ஆய்வுகள் காட்டுவது

பிரஷ் டிஜே செயலியைப் பயன்படுத்துவோரிடம் நடத்திய ஆய்வு 2015-இல் பிரிட்டிஷ் பல் மருத்துவ இதழில் வந்தது. பதில் அளித்த 189 பேரில் 88 விழுக்காட்டினர், செயலி தங்களைக் கூடுதல் நேரம் துலக்கத் தூண்டியது என்றார்கள். ஊக்கம் உண்மையானதுதான். ஆனால் இது பயனர்கள் தாமே சொன்னது. செயலியை விரும்பித் தொடர்ந்து வைத்திருப்பவர்களிடம் கேட்டது. பல்லின் நிலையை யாரும் அளக்கவில்லை. குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளில் பலவும் சில வாரங்களோ சில மாதங்களோ மட்டும் நீடித்தவை. பற்படலம் குறைந்ததா என்று பார்த்தவை. சொத்தை விழ மாதங்களும் ஆண்டுகளும் ஆகும் என்பதால் குறுகிய ஆய்வுகளிலிருந்து அதைப் பற்றிய முடிவுக்கு வர இயலாது.

நீண்டகாலம் பார்த்த ஆய்வு ஒன்று பிரிட்டனில் நடந்தது. பிரைட் என்று பெயரிடப்பட்ட அந்த ஆய்வில் 42 பள்ளிகளைச் சேர்ந்த 11 முதல் 13 வயது வரையான 4,600-க்கும் மேற்பட்ட மாணவர்கள் பங்கேற்றார்கள். ஒரு பகுதியினருக்கு வகுப்பில் ஒரு பாடமும், பிறகு நாளுக்கு இரு முறை செல்பேசியில் நினைவூட்டும் குறுஞ்செய்தியும் தரப்பட்டன. 6 மாதம் கழித்துப் பார்த்தபோது, நாளுக்கு இரு முறை துலக்குவதாகச் சொன்னவர்கள் அப்பகுதியினரில் கூடியிருந்தார்கள். இரண்டரை ஆண்டு கழித்து அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. சொத்தையின் அளவிலும் இரு பகுதியினருக்கும் வேறுபாடு இல்லை. இடையில் கொரோனாப் பொதுமுடக்கம் வந்தது என்பதையும், இவர்கள் சிறு குழந்தைகள் அல்லர் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆனாலும் திரையிலிருந்து வரும் நினைவூட்டல் தொடக்கத்தில் பலித்துப் பிறகு தேய்ந்துபோகும் என்பதை இது தெளிவாகவே காட்டுகிறது.

இதற்கு எதிர்முனையில் ஸ்காட்லாந்தின் சைல்ட்ஸ்மைல் திட்டத்தை வைத்துப் பார்க்கலாம். அங்கே மழலையர் பள்ளிகளில் பணியாளரின் கண் முன்னே, ஃப்ளோரைடு பற்பசை கொண்டு, குழந்தைகள் ஒவ்வொரு பள்ளி நாளும் பல் துலக்குகிறார்கள். தேவைப்படும் குழந்தைகளுக்குப் பல்லில் ஃப்ளோரைடு பூச்சும் தரப்படுகிறது. பள்ளி முதல் வகுப்பில் சேரும் குழந்தைகளில் கண்ணுக்குத் தெரியும் சொத்தை இல்லாதவர்கள் 2003-இல் 45 விழுக்காடு. 2018-இல் 71 விழுக்காடு. இந்த உயர்வு முழுவதையும் ஒரே காரணத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. எனினும், பெரியவரின் கண்காணிப்பு, ஃப்ளோரைடு, நாள் தவறாமை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சேரும்போது என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம். இதில் திரை எதுவும் இல்லை.

பரிசும் பழக்கமும்

பெரும்பாலான செயலிகள் நட்சத்திரம், தொப்பி, பதக்கம் என்று ஏதாவது பரிசு தருகின்றன. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் உளவியலாளர்கள் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் செய்த சோதனை இங்கே நினைவுகூரத்தக்கது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளுக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தபோது, பின்னாட்களில் அவர்கள் தாமாக வரைவது குறைந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கும், பரிசே பெறாதவர்களுக்கும் அந்தச் சரிவு ஏற்படவில்லை.

பல் துலக்குவது படம் வரைவது போல இயல்பாக ஆசை வரும் செயல் அன்று. ஆகவே தொடக்கத்தில் பரிசு கெடுதல் செய்யாது. பிரஷ்ஷைக் கண்டாலே வாயை இறுக மூடும் பிள்ளையை முதல் சில வாரங்கள் கடத்த அது பெரிதும் உதவும். சிக்கல், பரிசு தீர்ந்த பிறகு வருகிறது. விளையாட்டின் எல்லாப் படிகளையும் முடித்த பிள்ளைக்குத் துலக்க வேறு காரணம் இல்லாமல் போகும். அதற்குள் சாப்பாடு, துலக்கல், கதை, தூக்கம் என்ற வரிசை வீட்டில் படிந்திருந்தால், அந்த வரிசையே பிள்ளையை இழுத்துச் செல்லும்.

திரை நேரமும் இரவுத் துலக்கலும்

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதலின்படி ஒரு வயதுக் குழந்தைகளுக்குத் திரை வேண்டியதில்லை. 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. இந்தியக் குழந்தை நல மருத்துவர் கழகம் 2021-இல் தந்த அறிவுரையும் ஏறத்தாழ இதுவே. இந்த அளவுகோலில் இரண்டு நிமிட விளையாட்டு பெரிய சுமை அன்று. ஆனால் இரண்டு வயதுக்கு முன் திரையில் பார்ப்பதைக் குழந்தைகள் நேரில் பார்ப்பதைப் போலக் கற்றுக்கொள்வதில்லை என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. அந்த வயதில் அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் நின்று தன் பல்லைத் துலக்கிக் காட்டுவதற்கு இணையான செயலி எதுவும் இல்லை.

இன்னொரு முரணும் உண்டு. இரு வேளைகளில் முக்கியமானது இரவுத் துலக்கல். தூங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் திரை கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. ஒளிரும் விளையாட்டை இரவில் திறந்தால், துலக்கி முடித்த பின் செல்பேசியைத் திரும்ப வாங்குவதே தனிப் போராட்டமாகிவிடும். ஆதலால் கேமரா விளையாட்டைக் காலைக்கு வைத்துக்கொண்டு, இரவில் திரையைக் கவிழ்த்துவைத்துப் பாட்டை மட்டும் ஒலிக்கவிடுவது பொருத்தமாக இருக்கும்.

பற்பசையின் அளவும் ஃப்ளோரைடும்

செயலிகளின் படங்களில் பிரஷ் முழுக்க நீளமாகப் பேஸ்ட் பிதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். குழந்தைக்கு அது தவறான பாடம். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2014 முதல் பரிந்துரைக்கும் அளவு, 3 வயதுக்குள் அரிசியளவு, 3 முதல் 6 வயது வரை பட்டாணியளவு. இந்தியாவில் பற்பசையில் ஃப்ளோரைடு 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) அளவைத் தாண்டக் கூடாது. குழந்தைகளுக்கென்று விற்கப்படும் சில பற்பசைகளில் ஃப்ளோரைடு இதைவிடக் குறைவு. சிலவற்றில் அறவே இல்லை. டப்பாவின் மேலுள்ள பொம்மையைவிடப் பின்பக்க எழுத்தைப் படிப்பது அவசியம்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இங்கே ஒரு தனிக் குறிப்பு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல பகுதிகளில் நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு மிகுதி. பல்லில் பழுப்புக் கறையும் எலும்புப் பாதிப்பும் உண்டாக்கும் இந்நிலையைத் தணிக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டது. இப்பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணற்று நீரைக் குடிக்கும் குடும்பங்கள் குழந்தைக்கு எந்தப் பற்பசை, எவ்வளவு என்பதைப் பல் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். உலகம் முழுவதற்கும் ஒரே அறிவுரையைச் சொல்லும் செயலிக்கு உங்கள் ஊர்த் தண்ணீர் தெரியாது.

கேமரா எடுக்கும் படங்கள்

குளியலறையில் நிற்கும் குழந்தையின் முகத்தைக் கேமரா பதிவு செய்கிறது என்பதை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. குழந்தைகளின் நடத்தையைக் கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. நிறுவும் முன் மூன்றைப் பார்த்துக்கொள்ளலாம்: படங்கள் செல்பேசியிலேயே தங்குகின்றனவா அல்லது வெளிச் சேவையகத்துக்குப் போகின்றனவா, விளையாட்டின் நடுவே விளம்பரம் வருகிறதா, அந்த விளம்பரம் மிட்டாய்க்கானதா.

வீட்டில் பயன்படுத்தும் முறை

1. முதலில் பிள்ளை, பிறகு பெரியவர். செயலி ஓடும் இரண்டு நிமிடம் பிள்ளையின் முறை. முடிந்ததும் செயலியை மூடிவிட்டுப் பெரியவர் மறுமுறை துலக்க வேண்டும். பிள்ளைக்குப் பின்னால் நின்று, அதன் தலையை உங்கள் வயிற்றில் சாய்த்து, ஒரு விரலால் கன்னத்தை விலக்கினால் கடைவாய்ப் பற்களின் உட்புறமும் தெரியும்.

2. துப்பினால் போதும். துலக்கிய பின் நீர்விட்டுக் கொப்பளித்தால் பல்லில் தங்கவேண்டிய ஃப்ளோரைடும் போய்விடும். பல செயலிகள் கொப்பளிக்கும் காட்சியோடு முடிகின்றன. பிள்ளையிடம் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

3. ஆறு வயதில் வரும் பல்லைத் தேடிப் பாருங்கள். எந்தப் பால் பல்லும் விழாமலே, வரிசையின் கடைசிக்குப் பின்னால் முதல் நிலைக் கடைவாய்ப் பல் முளைக்கும். பெற்றோரில் பலர் அதையும் பால் பல் என்றே எண்ணிவிடுகிறார்கள். பாதி முளைத்த நிலையில் அது பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்திருப்பதால் நேராக ஓடும் பிரஷ் அதைத் தொடாது. பிரஷ்ஷைக் குறுக்காக வைத்துத் துலக்க வேண்டும்.

4. மாதம் ஒரு முறை நல்ல வெளிச்சத்தில் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தடவியது போன்ற வெண்கோடு தெரிந்தால் அது சொத்தையின் தொடக்கம். குழி விழாத அந்தக் கட்டத்தில் ஃப்ளோரைடு பூச்சாலும் உணவு மாற்றத்தாலும் பல்லை மீட்க முடியும். வலி வரும்வரை காத்திராமல் உடனே பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். முதல் பல் பரிசோதனையே குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் நடந்துவிட வேண்டும் என்பதுதான் குழந்தைப் பல் மருத்துவர்களின் பரிந்துரை.